அடம் என்று எழுதுமுன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆட்டோமேஷன் பற்றி ஏதாவது பேசப்பா" என்றுதான் செயலாளர் கேட்டார். கடலூர் சிப்காட்டில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் பார்க்கிறவன் வேறென்ன பேசுவான்? நான் என் அக்கா மகனைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார். அவருக்கு நன்றி.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது இதே சிதம்பரத்தில், வடக்கு வீதிப் பக்கம். என் மருமகனுக்கு இப்போது 9 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு சில சொற்கள்தான். 6 வயதில் திடீர் திடீரென்று கையைக் கடிப்பான், தலையைச் சுவரில் மோதுவான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார்கள் அக்கம்பக்கத்தில். பள்ளிக் குறிப்பேட்டில் "அடம்" என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பினார்கள்.

நான் பொறியாளன் அல்லவா, சும்மா இருப்பேனா? ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, கையில் நோட்டோடு உட்கார்ந்தேன். நம் ஆய்வகத்தில் சொல்லிக் கொடுத்த பாடம் நினைவிருக்கும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை நிலையாக வை. அப்படியே செய்தேன். அவன் அடுக்கி விளையாடும் சோடா மூடிகளை எடுத்துப் பார்த்தேன்; என் முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். அக்காவை எழுந்து அடுப்படிக்குப் போகச் சொன்னேன். அவன் பாட்டுக்கு விளையாடினான். நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்ததால் இரண்டு கோடு கிறுக்கினான்.

காரணம் எதுவும் இல்லை என்று முடிவு கட்டினேன். எங்கோ அரைகுறையாகப் படித்ததை வைத்து, "அக்கா, அவன் மோதினா கண்டுக்காதே, தானா அடங்கிடும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. "தம்பி, ரத்தம் நிக்க மாட்டேங்குதுடா." புருவத்துக்கு மேல் 4 தையல். பட்டனை அழுத்தியும் லிஃப்ட் வரவில்லை என்றால் நாம் இன்னும் ஓங்கி அழுத்துவதில்லையா? அதுவரை பலன் தந்த செயலுக்குத் திடீரென்று பலன் நின்றால், அது அடங்குமுன் வலுக்கக்கூடும். இது இத்துறையில் அறிந்த விஷயம். எனக்குத்தான் தெரியவில்லை.

பிறகு, முறையாகப் பயிற்சி பெற்ற அம்மையார் ஒருவரைச் சென்னையில் சந்தித்தோம். காது வலி, பல் வலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு இவற்றை முதலில் டாக்டரிடம் பார்க்கச் சொன்னார். என் நோட்டைப் பெருமையோடு நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அக்காவிடம் கேட்டார்: "அவன் ரொம்ப சந்தோஷமா இருக்கிற நேரம் எதும்மா? அது எப்படிக் கலையுது?"

"சாயங்காலம் ரெண்டு பேரும் உக்காந்து மூடி அடுக்குவோம். குக்கர் விசில் வந்ததும் மூடியை அள்ளி டப்பாவுல போட்டுட்டு, நோட்டைக் கையில கொடுத்து எழுதுடான்னு சொல்லிட்டு, அடுப்படிக்கு ஓடுவேன். அப்பதான் ஆரம்பிக்கும்."

விளையாட்டுப் பொருள், அம்மாவின் துணை, தன் இஷ்டம் மூன்றும் ஒரே நொடியில் பறிபோகின்றன. நான் ஒவ்வொன்றாகப் பறித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தேன். அக்காவிடம் கேட்கவேயில்லை. அவளும் சொல்லவில்லை, படித்த தம்பிக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டாள்.

இத்துறையின் பெயர் நடத்தைப் பகுப்பாய்வு. 1982இல் அமெரிக்காவில் பிரையன் இவாட்டாவும் உடன் ஆய்வாளர்களும், தம்மையே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரிடம் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கவனிப்பு, வேலை வாங்குதல், தனிமை, விளையாட்டு என்று சூழ்நிலைகளைத் தனித்தனியே அமைத்து, எதில் அந்தச் செயல் கூடுகிறது என்று அளந்தார்கள். ஒரே செயல் ஆளுக்கு ஆள் வெவ்வேறு வேலை செய்கிறது என்பது தெரிந்தது. பிறகு 2014இல் கிரிகரி ஹேன்லி குழுவினர் 3 குழந்தைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். முதலில் பெற்றோரிடம் விரிவாகக் கேள்; அவர்கள் சொன்னபடி வாழ்க்கையில் சேர்ந்து வருவதைச் சேர்த்தே சோதித்துப் பார் என்பது அவர்கள் வழி. 'பிராக்டிகல் ஃபங்ஷனல் அசெஸ்மெண்ட்' என்று இதற்குப் பெயர்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். ஓர் அறை, மூடிகள், அம்மா, அவன் இஷ்டம் எல்லாம் உண்டு. அவன் நிம்மதியாக விளையாடும் வரை யாரும் எதுவும் செய்யவில்லை. பிறகு மூன்றையும் சேர்த்து விலக்கினார்கள். அவன் "ம்ம்" என்று முனகி நோட்டைத் தள்ளியதுமே மூன்றும் திரும்பி வந்துவிட்டன. தலை சுவருக்குப் போகும் வரை காத்திருக்கவில்லை. அந்த முனகலே போதும், அதுவும் அதே பேச்சுதான் என்றார் அம்மையார். விலக்கினால் முனகல், கொடுத்தால் அமைதி. சில முறை மாறி மாறி இப்படியே வந்தது. சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்ப்பது போலத் தெளிவு.

அதன்பின் முனகலுக்குப் பதில் "அப்புறம்" என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள். அவன் "அப்புறம்" என்றால் நோட்டு உடனே விலகும். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஏற்பட்ட பிறகுதான், சில முறை மட்டும் "இல்லடா, இப்போ" என்று சொல்லி, அதற்கு "சரி" சொல்லப் பழக்கினார்கள். அதற்கும் பிறகு ஒரு எழுத்து, இரண்டு வரி என்று வேலை. வாரக்கணக்கு அல்ல, மாதக்கணக்கு.

இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. பலவற்றைச் சேர்த்து மாற்றினால் எது உண்மைக் காரணம் என்று எப்படிச் சொல்வாய், தேவையில்லாததையும் சேர்த்துக்கொள்வாயே என்கிறார்கள். என்னுள் இருக்கும் ஆய்வக மாணவன் அவர்கள் கட்சிதான். ஆனால் எங்கள் வீட்டுச் சாயங்காலம் அந்த மாணவனுக்குப் பிடிபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தலை மோதுவது நின்று நெடுநாளாயிற்று. கையைக் கடிப்பது எப்போதாவது உண்டு. ஆனித் தேரோட்டத்தின்போது மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறான். அது வேறு கணக்கு, இன்னும் போடவில்லை.

நம் குடும்பங்களிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கலாம். ஆட்டிசம் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. என்னைப் போல நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்காதீர்கள். பயிற்சி பெற்றவரிடம் போங்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று. நாளை நீங்கள் ஆசிரியராக, டாக்டராக, அதிகாரியாக ஒரு குறிப்பேட்டில் "அடம்" என்று எழுத நேரலாம். பேனாவை வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையோடு நாள் முழுதும் இருப்பவரிடம், இது எப்போது ஆரம்பிக்கிறது, எது கிடைத்தால் நிற்கிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நான் அக்காவிடம் அதைக் கேட்டிருந்தால் அவன் புருவத்தில் அந்தத் தழும்பு இருந்திருக்காது.