எண்ணூருக்கு காக்கா ஆழி எப்படி வந்துச்சு?

எண்ணூர்னு சொன்னதும் அனல்மின் நிலையம், சாம்பல், எண்ணெய்க் கசிவு இதெல்லாம்தான் நமக்கு ஞாபகம் வரும். அதே எண்ணூர்ல தண்ணிக்கு அடியில இன்னொரு பிரச்சினை இருக்கு. மீனவர்கள் அதுக்கு வெச்சிருக்கிற பேர் காக்கா ஆழி.

கறுப்பா, சின்னதா இருக்கிற ஒரு சிப்பி இது. அறிவியல் பேர் மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கரையோரம். 2014ல பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவுல, 2016ல சிங்கப்பூர்ல, அப்புறம் கேரளக் காயல்கள்லன்னு வரிசையா தென்பட்டுச்சு. இப்போ எண்ணூர், பழவேற்காடு வரைக்கும் வந்தாச்சு.

கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துல இது சேத்துத் தரை மேல கம்பளம் விரிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டுப் பரவுது. இறால் சேத்துல புதைஞ்சு வாழுற உயிர். அது புதையுறதுக்கு இடம் இல்ல. தண்ணிக்குள்ள கையால தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்களுக்கு, தடவுற இடமெல்லாம் ஓடுதான் கிடைக்குது. ஒரு நாள் கூலியே அந்த இறால்தான். மீனவர்களோட புகார் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு.

சரி, அமெரிக்கச் சிப்பி இவ்வளவு தூரம் எப்படி வந்துச்சு? கப்பலோட அடிப்பகுதியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம். இன்னொரு வழி, பேலஸ்ட் தண்ணி.

சரக்கு இல்லாத கப்பல் கடல்ல ரொம்ப மேல மிதக்கும். அலையில ஆடும், புரொப்பல்லர் சரியா முங்காது. அதனால துறைமுகத்துலயே கடல் தண்ணியை உறிஞ்சி டேங்க்ல நிரப்பிக்குவாங்க. அடுத்த துறைமுகத்துல சரக்கு ஏத்தும்போது அந்தத் தண்ணியை வெளிய விட்டுடுவாங்க. இதுல ஒண்ணைக் கவனிக்கணும்: நிலக்கரி இறக்க வர்ற கப்பல் இங்க தண்ணியை எடுத்துக்கும். இங்கிருந்து சரக்கு ஏத்திட்டுப் போக வர்ற கப்பல்தான் வேற ஊர்த் தண்ணியை இங்க கொட்டும். சிப்பியோட குஞ்சுகள் கண்ணுக்கு லேசுல தெரியாத அளவுல, வாரக்கணக்குல தண்ணியில மிதக்கும். டேங்குக்குள்ள போனா, பயணம் ஃப்ரீ.

இதைத் தடுக்க சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2004ல ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்துச்சு. அது நடைமுறைக்கு வந்ததே 2017 செப்டம்பர்லதான். முதல் கட்டத்துல, கரையிலிருந்து 200 கடல் மைல் தாண்டி, 200 மீட்டருக்கு மேல ஆழம் இருக்கிற இடத்துல டேங்க் தண்ணியை மாத்தணும்னு விதி இருந்துச்சு. முகத்துவாரத்து உயிர்கள் நடுக்கடல்ல பெரும்பாலும் பிழைக்காது. நடுக்கடல் உயிர்கள் முகத்துவாரத்துல பிழைக்காது. அதுதான் கணக்கு. அடுத்த கட்டத்துல, கப்பல்லயே வடிகட்டி, புற ஊதாக் கதிர், இல்லேன்னா கடல் உப்புலேர்ந்தே குளோரின் தயாரிக்கிற கருவி வைக்கணும். வெளிய விடுற ஆயிரம் லிட்டர்ல, 50 மைக்ரானும் அதுக்கு மேலயும் இருக்கிற உயிர்கள் பத்துக்கும் குறைவாத்தான் உயிரோட இருக்கணும்.

"வந்தப்புறம் அழிச்சுக்கலாமே?"ன்னு நீங்க கேட்கலாம். அப்படி ஜெயிச்ச ஊர் ஒண்ணு இருக்கு. 1999ல ஆஸ்திரேலியாவோட டார்வின் நகரத்துல, படகு நிறுத்துற இடங்கள்ல வேற ஒரு அந்நியச் சிப்பியைப் பார்த்தாங்க. உடனே அந்த இடங்களை மூடி, குளோரினும் காப்பர் சல்ஃபேட்டும் கொட்டினாங்க. சில வாரத்துல சிப்பி ஒழிஞ்சுது. கூடவே அங்க இருந்த மத்த உயிர்களும் செத்துச்சு. அங்க அது முடிஞ்சதுக்குக் காரணம், அந்த இடங்களுக்குக் கதவு இருந்துச்சு. எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கதவு கிடையாது. அங்க மருந்து கொட்டினா, காப்பாத்த நினைக்கிற இறாலும்தான் சாகும். இயந்திரம் வெச்சு அள்ளலாம். ஆனா கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மறுபடி பெருகிடும்.

அதனால நம்ம கையில இருக்கிற ஒரே கதவு, கப்பலோட டேங்க் வால்வுதான். ஒவ்வொரு கப்பல்லயும் எங்க தண்ணி எடுத்தாங்க, எங்க மாத்தினாங்கன்னு ஒரு பதிவேடு இருக்கணும். அதைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுறது ஒரு வேலை. அந்தத் தண்ணியைக் கொஞ்சம் பாட்டில்ல பிடிச்சு, மைக்ராஸ்கோப்ல பார்க்கிறது இன்னொரு வேலை. நம்ம துறைமுகங்கள்ல ரெண்டாவது வேலை எத்தனை கப்பலுக்கு நடக்குது? துறைமுகத்தைப் பத்தி இனிமே செய்தி படிக்கும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்க. பதில் எவ்வளவு லேட்டாகுதோ, முகத்துவாரத்துல இறால் தடவுற கைகளுக்கு அவ்வளவு நஷ்டம்.