சோகையும் நம் உணவும்



நம் குடியிருப்பில் ஒரு பெண் வெளுத்துக் களைத்திருந்தால் அது அவளது உடல்வாகு என்கிறோம். சிலர் தலைவிதி என்கின்றனர். பெரும்பாலும் அது உணவின் குறையே ஆகும். சோகைக்கு முதற்காரணம் இரும்புச் சத்துக் குறைவு என்பதை அறிவோம். வைட்டமின் குறைவாலும் சோகை வரும் என்பதையே இன்று எடுத்துக்கொள்வோம்.

1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். அங்கு நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகைக்கு ஆளாயினர். அவர்களுடைய இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெருத்தும் காணப்பட்டன. அவர் கிருமியைத் தேடினார்; கிடைக்கவில்லை. பின்னர் அவர்கள் உண்பதை ஆராய்ந்தார். மிக வறிய உணவு உண்டவர்களையே நோய் மிகுதியாகப் பற்றியிருந்தது. ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான பண்டத்தைக் கொடுத்தார், நோயுற்றோர் தேறினர். இதனை அவர் 1931-இல் வெளியிட்டார்.

அப்பண்டத்தில் இருந்த சத்தே ஃபோலிக் அமிலம். 1941-இல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அப்பெயரிட்டனர். அமெரிக்காவில் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவை வழிநடத்தியவர், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். இச்சத்து இல்லையேல் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உரியவாறு பிளவுபட்டுப் பெருக இயலாது. கீரையிலும் பயறுகளிலும் இது உண்டு. ஆயின் கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்தெறிந்தால் சத்தில் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும்.

மற்றொன்று பி12. இது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உள்ளது, ஈரலில் மிகுதி. ஈரல் உண்பதைச் சொல்லி நம்மை இழித்தோர் உண்டு! அந்த ஈரலைத்தான் 1926-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மைனட்டும் மர்ஃபியும், பிழைக்கமாட்டார் எனக் கைவிடப்பட்ட சோகை நோயாளிகளுக்கு நாள்தோறும் உண்ணக் கொடுத்து உயிர்காத்தனர். 1934-இல் அவ்விருவரும், அவர்களுக்கு முன்னே ஈரலின் பயனை நாய்களிடம் ஆராய்ந்த விப்பிளும் நோபல் பரிசு பெற்றனர்.

பி12 குறைந்தோர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உட்கொண்டால் இரத்தம் தேறும். நரம்புச் சிதைவோ உள்ளே தொடரும். கால் மரத்துப்போவது அதன் அறிகுறியாகலாம். ஆதலின் மருத்துவரைக் கேளாமல் கடையில் மாத்திரை வாங்குதல் கூடாது.

கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை இலவசமாகக் கொடுக்கின்றனர். மலம் கறுக்கிறது, குமட்டுகிறது என்று நம்மவர் பலர் அதனைப் பரணில் போட்டுவிடுகின்றனர். மலம் கறுப்பது இயல்பே. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் விழுங்கலாம். தேநீரோடு மட்டும் வேண்டா.