முயல் வாங்கப் போறீங்களா? கண்ணை மூடிட்டு ஒரு தடவை தொட்டுப் பாருங்க

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

வேலையோட சேர்த்து சின்னதா ஏதாவது வளர்க்கலாமான்னு யோசிக்கிற பலரோட பட்டியல்ல முயல் இருக்கு. சேலத்துக்காரங்களா இருந்தா உடனே ஏற்காட்டைக் கை காட்டுவாங்க. காரணம் நியாயமானதுதான். முயலுக்கு நம்மள மாதிரி வேர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாவும் மூச்சு வழியாவும்தான் வெளியேத்தும். வெயில் 30 டிகிரிக்கு மேல நாள்கணக்குல நின்னா, ஆண் முயலோட விந்துத் தரம் குறையும். பெட்டை சினை பிடிக்கிறதும் குறையும். சித்திரையில சேலம் கொதிக்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துல சேர்வராயன் மலையில காபித் தோட்டத்து நிழல் கிடைக்குது.

ஆனா குளிர் மட்டும் கறி ஆயிடாது. எந்தக் குட்டியைத் தாயா நிறுத்தப் போறோம்? இன்னைக்கு அது மட்டும்தான் பேச்சு.

முதல்ல ஒண்ணு. காட்டுல ஓடுற முயல் வேற விலங்கு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுறது குற்றம். நாம பேசுறது வீட்டு முயல். தமிழ்நாட்டு மலைகள்லயே இதுக்கு அரசு நிறுவனங்கள் இருக்கு. கொடைக்கானலுக்கு மேல மன்னவனூர்ல மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தோட தென் மண்டல மையம். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவுல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம். அங்கெல்லாம் கேட்கிற பேர்கள் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட், நியூசிலாந்து ஒயிட். கடைசி இனத்துக்குப் பேர்தான் நியூசிலாந்து, உருவானது அமெரிக்காவுல. மூணுமே வளர்ந்தா 4 கிலோவைத் தாண்டக்கூடியவை.

இனத்தோட பேரைச் சொல்லி விக்கிறது சுலபம். 2012-ல பெருந்துறை பக்கம் ஈமு பண்ணைகள் சரிஞ்சது ஞாபகம் இருக்கா? குஞ்சு வித்தாங்க, ஜோடி வித்தாங்க. கறியா வாங்கிச் சாப்பிடத்தான் போதுமான ஆள் இல்ல. முயல்லயும் அந்த ஆபத்து உண்டு. ஒருத்தர் வளர்ப்புக்குன்னு வித்து, வாங்கினவர் இன்னொருத்தருக்கு வளர்ப்புக்குன்னு வித்து, சட்டிக்கே வராம சுத்திக்கிட்டிருந்தா அந்த முயல் உடம்புல கறி இருக்கான்னு யாரும் பார்க்கவே மாட்டாங்க. பளபளன்னு ரோமம், நீளமான காது, பெரிய உருவம் — அதுக்குத்தான் விலை. கடைசியா எலும்பும் வயிறுமா ஒரு பரம்பரை நம்ம கூண்டுல வந்து நிக்கும்.

சரி, எடை போட்டா போதாதா? போதாது. நல்லா வளர்ற குட்டி 12 வாரத்துல 2 கிலோவை ஒட்டி வரும். ஆனா உயிரெடையில பாதியை ஒட்டித்தான் கறியாத் தேறும். தின்ன தீவனம், தொப்பை, கனமான எலும்பு எல்லாமே தராசுல ஏறும். அது எங்கே இருக்குன்னு தராசு சொல்லாது. முயல்ல நல்ல கறி இருக்கிறது ரெண்டு இடத்துல: பின்னந்தொடை, அப்புறம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கிற முதுகுச் சதை. அதைக் கைதான் சொல்லும்.

வழுக்காத மேசை மேல ஒரு சாக்கு விரிங்க. முயலை இயல்பா உட்கார வைங்க: முன்னங்கால் கண்ணுக்கு நேர் கீழே, பின்னங்கால் இடுப்புக்கு நேரா. காலை இழுத்து நீட்டினா நீளமாத் தெரியும், அமுக்கி உட்கார வெச்சா குண்டாத் தெரியும். அதனால எல்லா முயலையும் ஒரே மாதிரி உட்கார வெச்சுதான் பார்க்கணும்.

பக்கவாட்டுல பாருங்க. கழுத்துக்குப் பின்னால ஆரம்பிச்சு முதுகு மெல்ல ஏறி, இடுப்புப் பக்கம் உச்சிக்குப் போய், வால் வரைக்கும் வழவழன்னு இறங்கணும். நடுவுல பள்ளம் கூடாது. வால்கிட்ட வெட்டி விட்ட மாதிரி செங்குத்தா இறங்கவும் கூடாது. மேலேருந்து பார்த்தா தோள் கொஞ்சம் குறுகி, பின்பக்கம் அகலமா இருக்கணும். பின்னாலேருந்து பார்த்தா தேங்காய் மூடியைக் கவிழ்த்து வெச்ச மாதிரி இருக்கணும். அடியில உள்வாங்கி ஒடுங்கியிருந்தா தொடையில சதை குறைவுன்னு அர்த்தம்.

இப்ப கண்ணை மூடிக்குங்க. ரோமம் ஏமாத்தும், நிறம் ஏமாத்தும். தோள்லேருந்து வால் வரைக்கும் உள்ளங்கையை ஓட்டுங்க. முதுகுச் சதையைக் கட்டைவிரல் ஒரு பக்கம், மத்த விரல் மறுபக்கமாப் பிடிங்க. அகலமா, ஆழமா, கெட்டியா இருக்கா? இல்ல, முதுகெலும்பு சீப்புப் பல் மாதிரி குத்துதா? இடுப்பெலும்பு ரெண்டு பக்கமும் துருத்துதா?

இங்கதான் நிதானம் வேணும். எலும்பு குத்தினா பரம்பரைக் குறைன்னு முடிவு கட்டக் கூடாது. தீவனம் பத்தாம இருக்கலாம், ரத்தக் கழிச்சல் வந்து தேறினதா இருக்கலாம். தொப்பையும் வத்தின முதுகுமா இருந்தா முதல்ல வைத்தியம் பாருங்க. சதை தீவனத்தோட ஏறும், இறங்கும். தோள் அகலம், இடுப்பு அகலம், முதுகோட நீளம் — இதெல்லாம் எலும்புக் கட்டு. தீவனம் போட்டு மாத்த முடியாது. அதுதான் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஒரே வயசு, ஒரே தீவனம் தின்ன குட்டிகளை 10-லேருந்து 12 வாரத்துல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா வித்தியாசம் கைக்குப் பிடிபடும்.

உடல் அமைப்பு ஓரளவு நல்லாவே வாரிசுக்குப் போகும். எத்தனை குட்டி போடும்ங்கிறது அவ்வளவாப் போகாது, அதை உடம்பைத் தொட்டும் சொல்ல முடியாது. அதுக்குத் தாயோட நோட்டுப் புத்தகம் வேணும்: எத்தனை ஈன்றது, பால் மறக்கும்போது எத்தனை உயிரோட இருந்தது. கூடவே முன்பல் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உட்காருதா, கம்பி வலைக் கூண்டுல நிக்க உள்ளங்கால்ல அடர்த்தியா ரோமம் இருக்கா, இதையும் பார்த்துடுங்க. கோணல் பல் பெரும்பாலும் பரம்பரையா வர்றது. உடம்பு எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

நம்மகிட்ட ஒரு பழமொழி இருக்கு: தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால். முயல் வளர்க்கிறவங்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை இல்ல. பேர் வெச்ச குட்டி, மடியில தூங்கின குட்டி, நம்ம கண்ணுக்கு எப்பவுமே நல்லாத்தான் இருக்கும். அதனால மதிப்பெண்ணை எழுதி வைங்க. தோள், முதுகு, தொடை — ஒவ்வொண்ணுக்கும் 5-க்கு இவ்வளவுன்னு. முடிஞ்சா இன்னொருத்தரையும் தனியாத் தொட்டுப் பார்த்து எழுதச் சொல்லுங்க.

இது இரக்கமில்லாத வேலையாத் தோணலாம். மேசையில இருக்கிற எட்டுக் குட்டியில ஒண்ணோ ரெண்டோதான் தாயா நிக்கும். மத்ததெல்லாம் கறிக்குப் போகும். அதை மறைச்சுப் பேசுறதுல பயனில்ல. ஆனா தப்பான தாயை நிறுத்தினா, அதே கறிக்கு இன்னும் நிறைய உயிர், இன்னும் நிறைய தீவனம், இன்னும் நிறைய கூண்டு செலவாகும். கவனமாத் தேர்ந்தெடுக்கிறதுதான் அந்த உயிருக்கு நாம கொடுக்கிற குறைஞ்சபட்ச மரியாதை.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னால விக்கிறவர்கிட்ட மூணு கேளுங்க: கூடப் பிறந்த குட்டிகளைக் காட்டுங்க, தாயோட பதிவைக் காட்டுங்க, நான் தொட்டுப் பார்க்கலாமா? மூணாவதுக்குத் தயங்கினா, வண்டியைத் திருப்பிடுங்க.

அடுத்த எபிசோட்ல கூண்டு பத்திப் பேசுவோம்.