பெட்டிக்குள்ளே தூங்கும் சான்றிதழ்

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுக் குடும்பங்களில் ஏ.என்.எம்., ஜி.என்.எம். படித்த பெண்கள் இருக்காங்க. நகையை அடகு வைத்து, குழுவில் கடன் வாங்கிப் படிக்க வைத்தோம். கல்யாணம், பிரசவம்னு வேலையை விட்டதும் சான்றிதழ் தகரப் பெட்டிக்குள்ளே போயிடுது.

ஒரு உறுப்பினரின் மருமகள் ஏழு வருஷம் கழித்து வேலை கேட்டுப் போனார். "பதிவைப் புதுப்பிச்சீங்களா?" என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கைக்கு வந்த வேலை போச்சு.

படிப்பு வேறு, பதிவு வேறு. மாநில நர்சிங் கவுன்சிலில் செய்த பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். அந்த 5 ஆண்டுக்குள் 150 மணி நேரம் தொடர்கல்வி வகுப்பு முடிக்கணும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. மலைக்காதீங்க. வருஷத்துக்கு 30 மணி, மாசத்துக்கு இரண்டரை மணிதான். கைக்குழந்தைக்காரியும் முடிக்கலாம், வீட்டில் ஒருத்தர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால்!

வேலையில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்தான் தேடிப் போகணும். கவுன்சில் ஏற்கும் வகுப்பா என்று கேட்டுச் சேருங்க. ஒவ்வொரு வகுப்புச் சான்றையும் பத்திரப்படுத்துங்க. புகுந்த வீட்டு முகவரியையும் கவுன்சிலுக்குத் தெரிவிங்க.

மாமியார்களே, இன்றைக்கே மருமகளோடு உட்கார்ந்து பெட்டியைத் திறங்க, தேதியைப் பாருங்க. தாண்டியிருந்தால் ஒளிக்காமல் கவுன்சிலில் கேளுங்க. கட்டணத்துக்குப் பணம் இல்லையா? குழுவில் கேளுங்க. படிக்க வைத்த குழு இதற்கும் துணை நிற்கணும்.