பயமில்லாத ரத்தம் என்று ஒன்று இருக்கிறதா?



இன்று ஒரு பழைய பாலத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் நிற்கும் கியூபெக் பாலம். இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்துக் கட்டும் 'டிரஸ்' வகை. அதன் நடுக்கண் 549 மீட்டர். கான்டிலீவர் பாலங்களில் இன்றுவரை இதைவிட நீண்ட கண் உலகில் கிடையாது. பொறியியல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், தோல்விக்கு உதாரணமாக.

1907 ஆகஸ்ட் 29. அன்றைய வேலை முடியப்போகிற நேரம். தெற்குக் கரையிலிருந்து நீண்டிருந்த பாதிப் பாலம் சில நொடிகளில் சரிந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் இறந்தார்கள். அதில் 33 பேர் ஒரே ஊர். மான்ட்ரியாலுக்குப் பக்கத்தில் இருக்கும் கானவாகே என்ற மோஹாக் பழங்குடி ஊர்.

நடுக்கண்ணை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டியவர்கள், கூடிய எடைக்குக் கணக்கைச் சரியாகத் திருப்பிப் போடவில்லை. கீழ்ச் சட்டங்கள் வளையத் தொடங்கின. கட்டிய நிறுவனமோ, அவை முன்பே வளைந்திருந்தவைதான் என்று வாதாடியது. ஆலோசகர் தியோடர் கூப்பர் இருந்தது நியூயார்க்கில். இரும்பு வேலை தொடங்கிய பிறகு அவர் ஒருமுறைகூடத் தளத்துக்கு வரவில்லை. இளம் பொறியாளர் ஒருவர் வளைவை அளந்து, நேரில் போய்ச் சொன்னார். இனி எடை ஏற்றாதீர்கள் என்று கூப்பர் தந்தி அடித்தார். தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த நிறுவன அலுவலகத்துக்கு. பாலத்தின்மேல் வேலை நடந்துகொண்டே இருந்தது.

இந்தக் கதையோடு எப்போதும் ஒரு பாராட்டு ஒட்டிக்கொண்டு வரும். மோஹாக்குகளுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது, அது ரத்தத்தில் இருக்கிறது என்று. நமக்குப் பழகிய குரல்தானே இது? 'அவங்களுக்கு அது பழக்கம்' என்று சொல்லித்தான் இங்கே மலக்குழிக்குள் ஆளை இறக்குகிறார்கள்.

உண்மையில் இது 1886இல் தொடங்கியது. அந்த ஊர் நிலத்தில் ரயில் பாலம் கட்ட இடம் தேவைப்பட்டது. பதிலுக்கு ஊர்க்காரர்களுக்கு வேலை என்று பேச்சு. முதலில் சரக்கு இறக்கும் கூலி வேலைதான் கிடைத்தது. அவர்களாகவே மேலே ஏறினார்கள், கடாவி அடிக்கக் கற்றார்கள், அண்ணன் தம்பிக்கும் மாமன் மருமகனுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற வேலைகளைவிடக் கூலி அதிகம். அவ்வளவுதான் ரகசியம். பயம் எங்களுக்கும் உண்டு, அதைச் சமாளிக்கப் பழகுகிறோம் என்று அந்தத் தொழிலாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை யாரும் காதில் வாங்குவதில்லை. பயமே இல்லாதவன் செத்தால் அது அவன் துணிச்சலின் கணக்கில் போய்விடும், இல்லையா?

1908இல் விசாரணை ஆணையம் பொறியாளர்களின் தவறான கணிப்பே காரணம் என்று எழுதியது. மறுபடியும் கட்டினார்கள். 1916இல் நடுக்கண்ணைத் தூக்கும்போது அது ஆற்றில் விழுந்து இன்னும் 13 பேர் போனார்கள். 1917இல் பாலம் முடிந்தது. கனடாவில் பொறியாளர்கள் விரலில் போடும் இரும்பு மோதிரம் இந்தப் பாலத்தின் இரும்பில் செய்தது என்று ஒரு கட்டுக்கதைகூட உண்டு.

கானவாகேயின் இடுகாட்டில் இரும்பு உத்திரத்தால் செய்த சிலுவைகள் நிற்கின்றன. அந்த ஊர்ப் பெண்கள் 1907க்குப் பிறகு ஒரு முடிவெடுத்தார்கள். ஊர் ஆண்கள் எல்லோரும் இனி ஒரே தளத்தில் வேலைக்குப் போகக் கூடாது, பிரிந்து பிரிந்துதான் போக வேண்டும் என்று. அப்படித்தான் போனார்கள்.