எஞ்சினின் சுழற்சியும் சக்கரத்தின் சுற்றளவும்



நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு லாரி என்பது வேடிக்கைப் பொருளன்று. சாலையில் அதன் சக்கரம் உருண்டால்தான் பல இல்லங்களில் அடுப்பு எரியும். அந்த வண்டியைப் பற்றிய ஒரு சிறு கணக்கை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். லாரி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் செல்லும்போது அதன் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது? அந்த எண்ணிக்கையை முடிவு செய்பவை யாவை? இவையே நம் கேள்விகள்.

விடை காண உயர்ந்த கணிதம் எதுவும் வேண்டியதில்லை. வட்டத்தின் சுற்றளவும், பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். "இந்தச் சுற்றளவுக் கணக்கால் என்ன பயன், ஐயா?" என்று வகுப்பில் கேட்ட மாணவர்கள் பலர். அவர்களுக்கு நான் கூறிவந்த விடைகளுள் இதுவும் ஒன்று.

முதலில் நீங்கள் அறிந்த சைக்கிளை எடுத்துக்கொள்வோம். மிதிக்கட்டையோடு இணைந்த பெரிய பற்சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரத்தோடு இணைந்த சிறிய பற்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்ளுங்கள். மிதிக்கட்டை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். மனிதனுடைய கால் வலிமை மிக்கது; ஆயின் விரைந்து சுழல இயலாதது. ஆகவே அதன் மெதுவான சுழற்சியைச் சக்கரத்தில் மிகுதியாக்கிக்கொள்கிறோம்.

லாரியின் நிலை இதற்கு நேர்மாறானது. டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று விரைந்து சுழலும். ஆயினும் பல டன் பாரத்தை நேரடியாக இழுத்துச் செல்ல அதன் முறுக்கு விசை போதாது. ஆகவே சுழற்சியைக் குறைத்து, விசையைப் பெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பணி இரண்டு இடங்களில் நடைபெறுகிறது. ஒன்று, ஓட்டுநரின் கைக்கு அடங்கிய கியர் பெட்டி. மற்றொன்று, பின் அச்சின் நடுவே பெரிய உருண்டை போலத் தோன்றும் டிபரன்ஷியல் பெட்டி.

அப்பெட்டிக்குள் பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரௌன் என்னும் பெரும் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 7 பற்களும் கிரௌனில் 41 பற்களும் இருந்தால், பினியன் 5.86 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றும். இதனையே அச்சு விகிதம் என்கிறோம். 42 பற்கள் வைத்தால் கணக்கு எளிதாக 6 என்று வந்துவிடுமே, ஏன் 41 என்று நீங்கள் வினவலாம். 7 பற்களுக்கு 42 என்று இருந்தால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் அதே ஆறு பற்களோடு மட்டுமே என்றென்றும் உராய்ந்து கொண்டிருக்கும். 41 என்றால் ஒவ்வொரு பல்லும் எதிரேயுள்ள எல்லாப் பற்களையும் முறையாகச் சந்திக்கும்; தேய்மானமும் சமமாகப் பரவும். பொதுக் காரணி இல்லாத எண்கள் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஆற்றும் அரும்பணி இது!

இனிக் கணக்குக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். பாரம் ஏற்றிய லாரியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர் உருள்வதாகக் கொள்வோம். எனவே சக்கரம் நிமிடத்துக்கு 312.5 முறை சுற்ற வேண்டும். எளிமைக்காக அச்சு விகிதம் 6 எனக் கொண்டால், கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டு 1,875 முறை சுற்றும். கியர் பெட்டி சுழற்சியை மாற்றாமல் நேராக அனுப்பும் கியரில் எஞ்சினின் சுழற்சியும் அதுவே.

அச்சு விகிதம் 5 ஆக இருந்தால் அதே வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 1,563 முறை சுழலும். 7 ஆக இருந்தால் 2,188 முறை சுழலும். சமவெளியில் நெடுந்தொலைவு ஓடும் வண்டிக்குக் குறைந்த விகிதம் ஏற்றது. எஞ்சின் அமைதியாக ஓடும், டீசலும் மிச்சமாகும். கல் குவாரியிலிருந்து பாரத்தோடு மேடேறும் டிப்பருக்கு மிகுந்த விகிதமே ஏற்றது. ஏனெனில், 5க்குப் பதில் 7 என்று ஆகும்போது, அதே கியரில் சக்கரத்தைத் திருப்பும் விசை நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுகிறது. வேகத்தில் கொடுத்தால் விசையில் பெறலாம். விசையில் கொடுத்தால் வேகத்தில் பெறலாம். இரண்டையும் ஒருங்கே பெற இயற்கை இடம் தருவதில்லை.

டயரின் அளவும் இதே வேலையைச் செய்கிறது. சுற்றளவு நூற்றுக்கு ஐந்து பங்கு மிகுந்து 3.36 மீட்டர் ஆகும் டயரைப் பொருத்தினால், 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 1,875க்குப் பதிலாக ஏறத்தாழ 1,786 முறை சுழலும். சாலையைப் பற்றி இழுக்கும் விசையும் ஏறத்தாழ அதே அளவு குறையும். மேலும், வேகமானி பெரும்பாலும் தண்டின் சுழற்சியை எண்ணியே வேகத்தைக் காட்டுகிறது. டயர் மாறியதை அது அறியாது. முள் 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 63 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆகவே, பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகும்.

புதிய டயரை மாற்றாவிட்டாலும் சுற்றளவு மாறிக்கொண்டேதான் இருக்கிறது. மேற்பரப்பில் 15 மில்லிமீட்டர் தேய்ந்தால், சுற்றளவில் ஏறத்தாழ 94 மில்லிமீட்டர் குறையும். பின்புறம் இரட்டையாகப் பொருத்திய டயர்களுள் ஒன்று 3.20 மீட்டரும் மற்றொன்று 3.15 மீட்டரும் இருந்தால் என்ன நேரும்? இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்து சுற்றுபவை. ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 16 மீட்டர் வேறுபாட்டைச் சாலையில் தேய்த்தே ஈடு செய்யும். புதிய டயரையும் பழைய டயரையும் ஜோடி சேர்க்கலாகாது என்று அனுபவமிக்க ஓட்டுநர் சொல்வதன் பொருள் இதுதான்.

இதுவரை கூறியவை டீசலுக்கும் டயருக்கும் ஆகும் செலவைப் பற்றியன. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாய்ச் சாலை பல உயிர்களைப் பலி கொண்டது என்பதை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 18 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவு வெப்பத்தையும் பிரேக்குகள் மட்டுமே ஏற்க நேர்ந்தால், அவை காய்ந்து பிடிப்பை இழக்கும்.

தாழ்ந்த கியரில் இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். எஞ்சின் அதனைத் தடுத்து நிறுத்தும். ஆயின் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2.5 விகிதமுள்ள கியரில், 30 கிலோமீட்டர் வேகத்தில், நம் லாரியின் எஞ்சின் ஏறத்தாழ 2,344 முறை சுழலும். அதே கியரில் வேகம் 60 ஆகிவிட்டால் 4,688! பெரிய டீசல் எஞ்சின் எதுவும் அதனைத் தாங்காது. எரிபொருளைக் குறைக்கும் கருவி எஞ்சினின் சொந்த வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும். பின்னாலிருந்து தள்ளும் பாரத்தை அது தடுக்க இயலாது. எனவே, கியரை மலையின் உச்சியிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். வேகம் கூடிய பின்னர்த் தாழ்ந்த கியருக்கு மாற முயல்வது, வெள்ளம் வந்த பின் அணை போடுவதை ஒக்கும்.

டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குவோர் சிலர். எஞ்சினையே அணைத்துவிடுவோர் வேறு சிலர். இன்றைய எஞ்சின்களில், கியரில் இருந்தவாறே காலை எடுத்துவிட்டால் எரிபொருள் அறவே நின்றுவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாதிருக்கச் சிறிது எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். எஞ்சினை அணைத்தாலோ, காற்று பிரேக்குக்குக் காற்றை நிரப்பும் கம்ப்ரசர் நிற்கும். ஸ்டியரிங்குக்கு உதவும் விசையும் நிற்கும். சில ரூபாய்க்காக உயிரையே பணயம் வைக்கும் வாணிகம் இது.

மாணவர்களே, உங்கள் தந்தையோ, சிற்றப்பாவோ, மாமாவோ லாரி ஓட்டுபவராக இருக்கலாம். அவர் வீட்டுக்கு வரும் நாளில் ஒரு சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும் எடுத்துச் செல்லுங்கள். டயரிலும் தரையிலும் கோடிட்டு, சக்கரம் சரியாக ஒரு சுற்று உருளும்படி வண்டியை மெல்ல நகர்த்தச் சொல்லி, அந்தத் தொலைவை அளந்து பாருங்கள். அச்சு விகிதத்தை அவரிடமே கேட்டறியுங்கள். பின்னர் எஞ்சினின் சுழற்சியைக் கணக்கிட்டு அவரிடம் கூறுங்கள். பல்லாண்டு அனுபவத்தால் அவருடைய செவி அறிந்ததை உங்கள் பேனா எழுதிக் காட்டும். அனுபவமும் கணக்கும் இவ்வாறு ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடுவதைவிடச் சிறந்த பாடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.