முகத்தில் பூசுவதை அறிந்து பூசுவோம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேச எத்தனையோ பெரிய விடயங்கள் இருக்க, முகப்பூச்சைப் பற்றிப் பேசவா வந்தோம் என்று சிலர் எண்ணலாம். ஆனால் பெண்கள் வைத்தியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வளர்ந்த எமக்கு வெயில் புதிதல்ல. குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தாலே போதும், மேலிருந்து ஒரு வெயில், கடலில் பட்டுத் தெறிக்கும் இன்னொரு வெயில். அதற்கு எமது தோல் கறுப்பது நோயல்ல. மெலனின் என்ற நிறமி தோலுக்குள் விரிக்கும் குடை அது.

இருந்தும், வெளிநாட்டிலிருந்து வரும்போது படலையைத் திறந்தவுடனேயே, "என்ன பிள்ளை, இப்படிக் கறுத்துப் போனாய்?" என்று மருமகளைக் கேட்டுவிடுகிறோம். சாமத்திய வீடும் கலியாணமும் நெருங்கும்போது அந்தக் கேள்வி ஒரு வெள்ளையாக்கும் கிறீமாக மாறிவிடுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, பாதரசம். அது மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் விரைவில் வெளுக்கும். ஆனால் தோலினூடாக உள்ளே சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். தாய் பூசினால் துவாய், தலையணை, அணைப்பு வழியாகக் குழந்தைக்கும் போகும். இலங்கையும் இணைந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை, மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட வெள்ளையாக்கும் பூச்சுகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020 ஆம் ஆண்டை எல்லையாக வைத்தது. 2023 இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த எல்லா அழகுசாதனங்களையும் 2025 உடன் நிறுத்த உடன்பட்டன. எனினும் இவை உலகெங்கும் இன்னமும் கைமாறுகின்றன. லேபிளில் மேர்குரி, கலோமெல் என்ற சொற்கள் இருந்தால், தங்கம் வெள்ளி நகைகளில் படவேண்டாம் என்று எழுதியிருந்தால், அல்லது உள்ளடக்கமே எழுதப்படாமலிருந்தால் தொடாதீர்கள்.

இரண்டாவது, ஸ்ரெரொயிட். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்றவை நல்ல மருந்துகள்தான். ஆனால் வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்களும் முடியும் தோன்றும். விட்டவுடன் முகம் எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவோம். அதுவே பொறி. மூன்றாவது, ஹைட்ரோகுவினோன். மங்குக்கு வைத்தியர் குறிப்பிட்ட காலத்துக்குத் தருவது. வருடக்கணக்கில் பூசினால் சிலருக்கு நீலக் கருமை படிந்துவிடும்.

வீட்டிலுள்ளதெல்லாம் பாதுகாப்பானதும் அல்ல. தேசிக்காய்ப் புளியை முகத்தில் பூசி வெயிலில் இறங்கினால் தோல் வெந்து, கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

அப்படியானால் எதைப் பூசலாம்?

முதலில் சன்ஸ்கிறீன். எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவேண்டும். விலை கட்டுப்படியாகாதவர்களுக்குக் குடையும் அகன்ற தொப்பியும் உண்டு. வெயிலைத் தடுக்காமல் வேறெதைப் பூசினாலும் ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போலத்தான்.

அதன் பின் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. புதிய பூச்சை முழங்கை மடிப்பில் சில நாட்கள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள். றெற்றினோல் இரவுக்குரியது. பட்டாணியளவு, உலர்ந்த முகத்தில், வாரம் இரண்டு இரவுகளிலிருந்து தொடங்கலாம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்தை எதிர்பார்ப்போரும் அதைத் தவிர்க்கவேண்டும். அவர்களுக்கு அசெலெயிக் அமிலம் பொருந்தும். பருவுக்கும் கரும்புள்ளிக்கும் அது உதவும். நியாசினமைட் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். விற்றமின் சி தகரக் கூரைச் சூட்டில் பழுப்பாகி வலுவிழக்கும், குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். பருவுக்குப் பூசும் பென்சோயில் பெரொக்சைட் துவாயின் நிறத்தை உரித்துவிடும், வெள்ளைத் துவாய் பாவியுங்கள். எதற்கும் மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். மூன்று நாளில் வெளுக்கவைக்கும் கிறீமைச் சந்தேகியுங்கள்.

ஏற்கனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதரசம் என்று சந்தேகித்தால் இன்றே நிறுத்துங்கள். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கை நடுக்கம் இருந்தால் தாமதிக்கவேண்டாம். ஸ்ரெரொயிட் என்றால் தாமாக நிறுத்தாமல் வைத்தியரின் வழிகாட்டலில் குறைக்கவேண்டும். எதுவானாலும் அந்த ரியூப்பைக் கையோடு கொண்டு வாருங்கள். பெயரை விட ரியூப் எங்களுக்கு அதிகம் சொல்லும்.

கடைசியாக, கடல் கடந்து வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது பெட்டியில் வெள்ளையாக்கும் கிறீமுக்குப் பதிலாக இரண்டு சன்ஸ்கிறீன் வையுங்கள். படலை திறந்து மருமகளைக் கண்டதும், என்ன படிக்கிறாய் என்று முதலில் கேளுங்கள். நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை எங்களிடம் கேட்டு வந்த கேள்வி அதுதான்.